அட்வான்ஸ் கேக்காம போன பொண்ணு

பாத்து மேடம், இந்தக் கடைசிப் படி மட்டும் ஒசரம் ஜாஸ்தி. மேஸ்திரி கணக்கு தப்பிட்டாரு, மிச்சம் வந்ததெல்லாம் இதுல ஏத்திட்டாரு. கம்பியப் புடிச்சிக்குங்க. ஆங், அவ்ளோதான். மூச்சு வாங்கிக்குங்க, அவசரம் இல்ல. அவங்க மூணு பேரும் வர நேரமாவும். பின்னாடி செவுரு எதுவரைக்கும் நம்மளுதுன்னு காட்டறேன்னு புரோக்கர் ஷங்கரு எங்க வீட்டுக்காரரையும் என் பையன் நரேஷையும் கூட்டிகினு பின்சந்துக்குப் போயிருக்காரு. பின்னாடி காலி மனைக்கு ஓனரம்மா சும்மா வுடாது, கன்னடத்துல ஒரு பாட்டம் பேசித்தான் அனுப்பும். அதுக்குள்ள நாம ரூமு பாத்துடலாம். எனக்கும் உங்ககிட்ட தனியா ஒண்ணு சொல்லணும். சொல்றேன் இருங்க, மொதல்ல ரூமப் பாருங்க.

கீழ வெச்சு கேட்டீங்களே, ஏன் விக்கறீங்கன்னு. வாடகை வருது, காவேரித் தண்ணி வருது, மெட்ரோ நடந்து போற தூரம், இப்படி ஒரு பில்டிங்க யாருனா விப்பாங்களான்னு. அதுக்கு எங்க வீட்டுக்காரரு இன்னா சொன்னாரு? வயசாயிடுச்சு, ரெண்டு பேருக்கும் முட்டி வலி, திருப்பத்தூர்ல என் தங்கச்சி வீட்டுப் பக்கம் போயிடறோம்னு. முட்டி வலி இருக்குது மேடம், பொய் இல்ல. ஆனா முட்டி வலிக்காக யாரும் ஸ்ரீராம்புரத்துல இருக்கற பில்டிங்க விக்க மாட்டாங்க. நீங்களும் நம்பல, உங்க மூஞ்சியப் பாத்தேன். கேக்க வேண்டியதத்தான் கேட்டீங்க. அவருக்குத்தான் கோவம் வந்துடுச்சு.

நாங்க இதுல காசு போட்டப்போ ஜனங்க சிரிச்சாங்க. அவரு கார்ப்பரேஷன்ல இருந்து ரிட்டைர் ஆனாரு, நான் யஷ்வந்த்பூர் பக்கம் கார்மெண்ட்ஸ்ல செக்கிங்ல இருந்தேன். எங்களுக்கு ஷேரு தெரியுமா, ஃபண்டு தெரியுமா? வந்ததெல்லாம் செங்கல்லுல போட்டோம். இருந்த ஷீட்டு வீட்ட இடிச்சிட்டு கீழ நாங்க, மேல மாடிக்கு ரெண்டு ரெண்டு ரூமு. எல்லாரும் எனக்கு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். சந்திரம்மா, வாடகைக்கு வுடறதுன்னா சும்மா இல்ல, சேஃப்டி பாத்துக்கோன்னு. பாத்தேன் மேடம். மத்தவங்க டைல்ஸு பாப்பாங்க, நான் வயரு பாத்தேன். மீட்டர் போர்ட மாடிப்படிக்கு அடியில வெக்கறேன்னான் எலக்ட்ரிஷியன். அங்கதானே வண்டியெல்லாம் நிக்கும், ஒரு பொறி வுழுந்தா மேல இருக்கற ஜனம் எப்படிடா எறங்கும்னு சண்ட போட்டு வெளிச் செவுத்துல வெக்க வெச்சேன். அந்த ஜன்னல் கிரில்லப் பாருங்க, ஒரு பக்கம் கொண்டி போட்டிருக்குது பாருங்க, தொறந்து பாருங்க. அவசரத்துக்கு ஆள் வெளிய வர்ற மாதிரி. இந்தத் தெருவுல வேற எந்த பில்டிங்லயும் இது கெடையாது.

லேடீஸ் ஒன்லின்னு போர்டு போட்டதும் நான்தான். நீங்களும் அப்படித்தான் செய்யப் போறேன்னு சொன்னீங்க இல்ல, கேட்டுகினுதான் இருந்தேன். நாமக்கல்லுல இருந்து வந்த புதுசுல பிஜி ஹாஸ்டல்ல நீங்க பட்ட பாடெல்லாம் ஷங்கருகிட்ட சொல்லிகினு இருந்தீங்களே. பொண்ணுங்களுக்கு நிம்மதியா ஒரு எடம் குடுக்கணும், அதுல நமக்கும் வருமானம் வரணும்னு. அதே எண்ணம்தான் எனக்கும். பசங்களுக்கு வுட்டா மொட்ட மாடியில பாட்டல் ஒடைப்பானுங்க, கலாட்டா. பொண்ணுங்கன்னா வேலைக்குப் போவும், வரும், துணி தொவைக்கும், தூங்கும். எனக்குப் பொண்ணு இல்ல. எத்தினி பொண்ணுங்க, பண்டிகைன்னா கீழ வந்து என் அடுப்பாண்ட நின்னு ஒப்பட்டு, நம்ம போளிதான், வாங்கித் தின்னுட்டுப் போவும். நான் ரொம்ப குஷியா இருந்தேன் மேடம். அதச் சொல்லணும் இல்ல, ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு.

மாடிப்படில ஏறி வரும்போது லைட்டு தானா எரிஞ்சுதே, கவனிச்சீங்களா? ஆளு கால வெச்சா எரியும், போனா அணைஞ்சிடும். அது மொதல்ல இல்ல. ஒரு நர்ஸ் பொண்ணு இருந்துச்சு, ஷிமோகா பக்கம். டூட்டி முடிஞ்சு வந்தா படில ஏற பயமா இருக்குது ஆன்ட்டி, இருட்டா இருக்குதுன்னு சொல்லிச்சு. இருட்டுல இன்னாம்மா பயம், நாங்க கீழதானே இருக்கோம்னேன். அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ரூமு கெடச்சிடுச்சுன்னு சொல்லிட்டு காலி பண்ணிச்சு. அது போனப்பறம் எனக்கு மனசு கேக்கல, பாவம், ஒரு லைட்டுக்காக போயிடுச்சேன்னு இந்த லைட்டப் போட்டேன்.

மொட்ட மாடிக்கு இரும்புக் கதவு, அதுக்குப் பூட்டு. அது எப்படி வந்துச்சுன்னா, கால் சென்டருக்குப் போற பொண்ணு ஒண்ணு, கொடியில காயப் போட்ட துணி காணாம போவுதுன்னு சொல்லிச்சு. எல்லாத் துணியும் இல்ல. உள்ளாடை மட்டும். நான் நேரா எதிர் பில்டிங்குக்குப் போனேன். அங்க பசங்க தங்கிகினு இருந்தானுங்க, ஒரிசா பக்கம், ஓட்டல்ல வேலை. அவனுங்கதான்னு முடிவு பண்ணிட்டேன். ரோட்டுல நின்னு நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சு. பாவம், அவனுங்களுக்கு நான் இன்னா பேசறேன்னே புரியல, கைய கூப்பிகினு நின்னானுங்க. அந்த ஓனரு மறுநாளே அவனுங்கள காலி பண்ண சொல்லிட்டாரு. நம்ம வீட்ல கதவு போட்டோம், கேட்டுல கேமரா வெச்சோம். அந்தப் பொண்ணும் கொஞ்ச நாள்ல ஆபீஸ ஷிஃப்ட் பண்ணிட்டாங்க ஆன்ட்டின்னு போயிடுச்சு.

கேமராவா? வேலை செய்யுது, நல்லா செய்யுது. யாரு வர்றாங்க, யாரு போறாங்க, எத்தினி மணிக்கு, எல்லாம் போன்லயே தெரியும். இல்ல, என் போன்ல இல்ல. எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது. நரேஷ் போன்ல.

பாத்ரூம் பாருங்க மேடம், லைட்டு போடறேன். எலக்ட்ரிக் கீசரு, எக்ஸாஸ்ட் ஃபேனு. மொதல்ல எல்லா ரூம்லயும் கேஸ் கீசருதான் இருந்துச்சு, மேல அந்த ஃபேன் இருக்கற எடத்துல கண்ணாடி ப்ளேட்டு அடுக்கின வென்டிலேட்டரு. ஒரு நாள் நான் கொழா ஒழுவுதான்னு பாக்க வந்தேன், அப்போ ஹூப்ளி பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. பாத்தா அந்த வென்டிலேட்டர ஃபுல்லா நியூஸ் பேப்பரு, பழைய துணி, டேப்பு, எல்லாம் வெச்சு அடைச்சிருக்குது. ஏம்மா, கேஸ் கீசர் ஓடற எடத்துல காத்து போவ வழி இல்லாம அடைச்சா உசுரு போயிடும், வாசனையே வராது, குளிச்சிகினு இருக்கும்போதே மயக்கம் போட்டு வுழுந்து செத்துப் போவ, உங்க அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றதுன்னு கத்தினேன். குளிரடிக்குது ஆன்ட்டின்னு சொல்லிச்சு. அது மார்கழி கூட இல்ல மேடம், வெயில் காலம். எனக்கு அது கூட தோணல. எல்லாத்தையும் என் கையாலயே பிச்சிப் போட்டுட்டு, இனிமே அடைச்சா ரூமே கெடையாதுன்னு சொல்லிட்டு எறங்கினேன்.

அந்தப் பொண்ணு என்னப் பாத்த பார்வை இருக்குதே. அதுக்கு சாவறது தெரிஞ்சிருக்குது மேடம். தெரிஞ்சும்தான் அடைச்சிருக்குது. அந்த வென்டிலேட்டருக்கு அந்தப் பக்கம் டக்டு, பைப்பெல்லாம் எறங்கற சந்து. பைப்பு வேலைக்கு ஆளு எறங்கறதுக்குன்னு மொட்ட மாடியில இருந்து இரும்புப் படி வெச்சிருக்கோம். எறங்கினா கரெக்டா மூஞ்சிக்கு நேரா இந்தக் கண்ணாடி. மாடிக் கதவுல பூட்டு தொங்குது இல்ல, யாரு எறங்க முடியும்னு நானும் அப்பறம் யோசிச்சேன். அப்போ யோசிக்கல. அந்தப் பொண்ணும் தண்ணி ஒத்துக்கல, முடி கொட்டுதுன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. நான் தண்ணி டேங்க்க கழுவி வுட்டேன்.

உக்காருங்க மேடம், அந்தக் கட்டில் ஸ்ட்ராங்கு. நிக்கறீங்களா, சரி. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

கார்மெண்ட்ஸ்ல என் வேலையே அதான், தப்பு கண்டுபுடிக்கறது. லைன்ல சட்டை வந்துகினே இருக்கும், ஒரு தையல் வுட்டிருந்தா கையில எடுத்த ஒடனே தெரியும். சூப்பர்வைசரே சொல்வாரு, சந்திரம்மா கண்ணுல தப்பவே முடியாதுன்னு. அந்தக் கண்ணு வீட்டுக்கு வந்தா வேலை செய்யல. ஒவ்வொரு பொண்ணும் ஒண்ணு சொல்லிட்டுப் போவும், நான் அத ரிப்பேரு பண்ணுவேன். லைட்டுன்னா லைட்டு, கதவுன்னா கதவு. இவ்ளோ சேஃப்டியா பில்டிங் எங்கயும் பாக்கலன்னு கீழ சொன்னீங்களே, அப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அழுவையா வந்துச்சு. நீங்க ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுப் பாத்தீங்க. எனக்கு ஒவ்வொண்ணும் ஒரு பொண்ணு மேடம்.

ஆமா, நரேஷ் பாத்துக்குவான்னு ஷங்கரு சொன்னாரு, நீங்களும் தலையாட்டினீங்க. அதத்தான் சொல்ல வர்றேன். எனக்கே அது இன்னிக்கு காலையிலதான் தெரியும், நாஷ்டா சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. மேடம் இருக்கறது வொயிட்ஃபீல்டு, தெனம் இங்க வர முடியாது, ஒரு ஆளு வேணும், நம்ம நரேஷு கீழ் ரூம்ல தங்கிகினு வாடகை வசூல் பண்றது, மோட்டர் போடறது, சாவி வெச்சிக்கறது எல்லாம் பாத்துக்குவான், மேடத்துக்கு ரொம்ப சந்தோஷம்னாரு. ஷங்கருகிட்ட முன்னாடியே பேசி வெச்சிருக்காரு, எங்கிட்ட மூச்சு வுடல. நல்ல பையன்தான்னு நீங்க நெனைக்கறது தப்பில்ல. மேடம் மேடம்னு கூப்டுவான், பைய வாங்கிக்குவான், வழி வுட்டு நிப்பான். எல்லாருக்கும் அவன புடிக்கும். முப்பது வயசாவுது, பீடி சிகரெட் கெடையாது, குடி கெடையாது. அத வெச்சித்தான் நானும் நம்பினேன்.

கடைசியா இந்த ரூம்ல இருந்தது ரக்ஷா. உடுப்பிப் பொண்ணு, ஏதோ லேப்ல வேலை. ரொம்ப சாது. அது வந்த புதுசுல நாங்க எல்லாக் கதவுக்கும் இந்த ஆட்டோமேட்டிக் லாக்கு போட்டோம். சாத்தினாலே பூட்டிக்கும், வெளிய இருந்து சாவி இல்லாம தொறக்காது, ரொம்ப காஸ்ட்லி. ரக்ஷா ஒரு நாள் கீழ வந்து, ஆன்ட்டி, ஒளகடே ஒந்து சிலகா ஹாக்கிகொடி, அப்படின்னு கேட்டுச்சு. சிலகான்னா தாப்பா மேடம், உங்க ஊருல தாப்பாள்னு சொல்வீங்க. உள்பக்கம் ஒரு தாப்பா போட்டுக் குடுங்கன்னு. எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஏம்மா, அவ்ளோ பெரிய லாக்கு இருக்குது, மூணு சாவி குடுத்தான் கம்பெனிக்காரன், ரெண்டு உங்கிட்ட இருக்குது, ஒண்ணு எங்ககிட்ட பத்திரமா இருக்குது, அப்பறம் எதுக்கு சிலகான்னேன். அது தலைய குனிஞ்சிகினு சொல்லிச்சு, லாக்குக்கு சாவி இருக்குது ஆன்ட்டி, சிலகாவுக்கு சாவி இல்லன்னு.

அப்போ கூட எனக்குப் புரியல. ஏதோ பயந்தாங்கொள்ளி, போட்டுக் குடுத்துடலாம்னு நரேஷுகிட்ட சொன்னேன். டேய், ஆசாரியக் கூட்டிகினு போய் ரக்ஷா ரூம்ல ஒரு சிலகா அடிச்சிக் குடுடான்னு. சரிம்மான்னான். சாயங்காலம் ஆச்சும்மான்னான். நான் மேல வரல, முட்டி வலி. ரெண்டு மூணு நாள் கழிச்சு துணி காயப் போட வந்தேன், பாத்தேன். சிலகா இருந்துச்சு மேடம். புது சிலகா, பளபளன்னு. வெளிப்பக்கம் அடிச்சிருந்துச்சு.

கதவாண்ட வாங்க, இங்க, இந்த ஸ்க்ரூ ஓட்டை தெரியுதா? எங்க வீட்டுக்காரரு அப்பறம் அதக் கழட்டிட்டு பெயின்ட்டு அடிச்சிட்டாரு, ஆனா கைய வெச்சா தெரியும். நரேஷ கேட்டதுக்கு, ஆசாரி தப்பாப் போட்டுட்டான்மான்னு சொல்லிட்டு சிரிச்சான். உள்ள இருக்கறவங்க பூட்டிக்கறதுக்குக் கேட்டது. வெளிய இருந்து பூட்டற மாதிரி போட்டு வெச்சிருக்கான். அந்தப் பொண்ணு வேலை வுட்டு வந்து படி ஏறி இதப் பாத்துட்டு எப்படி நின்னிருக்கும்னு நெனச்சிப் பாருங்க. நான் தெனம் நெனைக்கறேன்.

அந்த வாரமே ரக்ஷா காலி பண்ணிச்சு. எப்போ போச்சுன்னே தெரியல, மதியானம் நான் ரேஷனுக்குப் போயிருந்தேன், வந்தா சாவி ரெண்டும் எங்க கேட்டுல தொங்குது. அட்வான்ஸ் கேக்கல மேடம். நீங்க பெங்களூருக்கு வந்து எத்தினி வருஷமாவுது, உங்களுக்குத் தெரியாததா? இந்த ஊருல அட்வான்ஸ் கேக்காம காலி பண்றவங்க யாருனா இருக்காங்களா? பெயின்ட்டிங் சார்ஜுன்னு ஒரு மாச வாடகைய புடிச்சிக்கறதுக்கே ஓனரும் ஜனமும் நடு ரோட்டுல அடிச்சிக்குவாங்க. டீயூப் லைட் ஸ்டார்ட்டருக்கு சண்ட போடுவாங்க. இது பத்து மாச வாடகைய எங்க கையில வுட்டுட்டு, ஒரு போன் கூட பண்ணாம போவுது. எங்க வீட்டுக்காரருக்கு சந்தோஷம். போனா போவட்டும், நல்லதாப் போச்சுன்னாரு. எனக்கு அப்படித் தோணல. பிச்சிகினு ஓடறவங்கதான் பணத்த வுட்டுட்டு ஓடுவாங்க. அன்னிக்குதான் மேடம் நான் உக்காந்து முன்ன போனதுங்கள எல்லாம் ஒண்ணு ஒண்ணா யோசிச்சேன். நர்ஸ் பொண்ணு கேட்டுச்சா? கேட்டுச்சு, ஆனா பாதி வாங்கிகினு சரி ஆன்ட்டின்னு போயிடுச்சு. ஹூப்ளி பொண்ணு? அவங்க மாமாவ அனுப்பிச்சு, அது வரல.

ரக்ஷாவுக்கு போன் பண்ணேன். எடுக்கல, எடுக்கல, அப்பறம் எடுத்துச்சு. உன் அட்வான்ஸ் இருக்குதும்மா, வந்து வாங்கிகினு போன்னேன். வேணாம் ஆன்ட்டின்னுச்சு. ஏம்மா, எதுனா நடந்துச்சான்னேன். அதுக்கு சொல்லிச்சு, நீங்க நல்லவங்க ஆன்ட்டி, உங்ககிட்ட போய் எப்படி சொல்றதுன்னு. வெச்சிடுச்சு. நான் அந்தப் பணத்த அதோட அக்கவுன்ட்டுல போட்டுட்டேன், இவருக்குத் தெரியாம. அதால எதுவும் ஆவப் போறதில்ல, தெரியும்.

யாருன்னு கண்டுபுடிச்சீங்களான்னா கேக்கறீங்க?

கண்டுபுடிச்சேன். கஷ்டமே இல்ல. முதல் மாடியில இப்பவும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது, ரெண்டும் கூடப் பொறந்ததுங்க, காலையில வேலைக்குப் போயிடும். ஒரு நாள் பகல்ல ஏறி வந்தேன். அதுங்க ரூமு கதவு ஒருக்களிச்சு தொறந்திருந்துச்சு. திருடன்னு நெனச்சி கொடிக் கம்ப கையில எடுத்துகினு தள்ளினேன். நரேஷுதான் மேடம். கட்டில்ல உக்காந்துகினு இருந்தான். ஒண்ணும் செய்யல, எதுவும் எடுக்கல, சும்மா உக்காந்துகினு அந்தப் பொண்ணோட தலகாணிய மடியில வெச்சிருந்தான். என்னப் பாத்து திடுக்கிடக் கூட இல்ல. கொழா ஒழுவுதுன்னு சொன்னாங்கம்மா, பாக்க வந்தேன்னான். கொழாயில ஒரு சொட்டு கூட ஒழுவல. அன்னிலருந்து எல்லா சாவியும் என் இடுப்புலதான் இருக்குது, இதோ பாருங்க. அதுங்க ரூமு தவிர மேல எந்த ரூமும் நான் வாடகைக்கு வுடல. கேட்டு வர்றவங்ககிட்ட ஆளு வந்தாச்சுன்னு பொய் சொல்லி அனுப்பறேன். ஃபுல்லா இருக்குதுன்னு ஷங்கரு உங்ககிட்ட சொன்னது பொய்.

அவருகிட்ட சொன்னேன். சொல்லாம இருப்பனா? ராத்திரி முழுக்க ஒக்காந்துகினு இருந்தாரு, விடிஞ்சதும் சொன்னாரு, வயசுப் பையன், ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா சரியாயிடும்னு. நான் கேட்டேன், வர்ற பொண்ணு எங்க போவும்னு. வாடகைக்கு இருக்கறதுங்களுக்காச்சும் காலி பண்ணிகினு போவ ஒரு வழி இருந்துச்சு. கட்டிகினு வர்றவ சாவிய கேட்டுல மாட்டிட்டு எங்க போவான்னு கேட்டேன். அவரு பாட்டுக்கு ஜாதகத்த குடுத்து வுட்டாரு. மூணு எடத்துல இருந்து ஜாதகம் வந்துச்சு, மூணையும் நானே போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்.

போலீஸா. நீங்க கேப்பீங்கன்னு தெரியும். ரக்ஷாவுக்கு மறுபடி போன் பண்ணி சொன்னேன், நீ கம்ப்ளைன்ட் குடும்மா, நான் வந்து சாட்சி சொல்றேன்னு. வேணாம் ஆன்ட்டி, ஊருல தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு வந்துடுன்னு சொல்லிடுவாங்கன்னு அழுதுச்சு. நான் மட்டும் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வாசல்ல இருக்கற லேடி கான்ஸ்டபிள் இன்னாம்மான்னு கேட்டுச்சு. பர்ஸு தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பெத்தவ மேடம். திட்டுங்க, எதுனா சொல்லுங்க, எனக்கு அதுக்கு மேல கால் போவல. அப்பறம்தான் விக்கலாம்னு நின்னேன். பில்டிங் இருந்தாத்தானே பொண்ணுங்க வரும். வித்துட்டு அவன இழுத்துகினு திருப்பத்தூர் போயிடலாம், தங்கச்சி புருஷன் அரிசி மண்டியில ஆம்பளைங்களோட மூட்ட கணக்கு எழுதிகினு என் கண்ணு முன்னாடி கெடக்கட்டும்னு. சோறு தண்ணி இல்லாம கெடந்து இவர சம்மதிக்க வெச்சேன். அவரு சரின்னாரு. சரின்னுட்டு, இங்கயே அவன வுட்டுட்டுப் போறதுக்கு ஏற்பாடு பண்ணியிருக்காரு. நானாச்சும் கீழ இருந்தேன், படியில கால் சத்தம் கேட்டா எழுந்து நிப்பேன். இனிமே அது கூட கெடையாது. அவனும், ஒரு கொத்து சாவியும், மேல ஃபுல்லா பொண்ணுங்களும்.

உங்க பேரு இளவேனில்தானே? ஷங்கரு சொன்னாரு. நல்ல பேரு. இளவேனில், நான் இத உங்ககிட்ட சொன்னா நீங்க வாங்காம போயிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். போனீங்கன்னா இந்த பில்டிங் எங்க தலையிலதான் இருக்கும், நாளைக்கே இவரு வாடகைக்குன்னு போர்ட எடுத்து மாட்டுவாரு. சொல்லலன்னா நீங்க வாங்கிடுவீங்க, எனக்கு நிம்மதியா திருப்பத்தூர் பஸ்ஸு. காலையில இருந்து அடுப்புல பால வெச்சிட்டு இதேதான் யோசிச்சிகினு இருந்தேன். பால் பொங்கி அணைஞ்சிடுச்சு.

வாங்குங்க. நல்ல பில்டிங்கு, வயரு ஸ்ட்ராங்கு, செவுரு ஸ்ட்ராங்கு, எந்தக் குறையும் இல்ல. வாங்கினா எல்லா லாக்கையும் மாத்துங்க, டக்டுல அந்த இரும்புப் படிய அறுத்துடுங்க, கேமராவ உங்க போன்ல வெச்சிக்குங்க. ஒரு லேடிய வெச்சிக்குங்க, வார்டன் மாதிரி. என் பையன மட்டும் வெச்சிக்காதீங்க. ஒரு நாள் கூட, சாமான் மாத்தற வரைக்கும்னு சொன்னா கூட வேணாம்.

கேட்டு சத்தம் கேக்குது, வந்துட்டாங்க போல. கண்ணத் தொடச்சிக்குங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. கீழ போனதும் ஷங்கரு பேச்ச எடுப்பாரு, நரேஷு வேணாம்னு சொல்லிடுங்க. ஏன்னு கேப்பாங்க, எங்க வீட்டுக்காரரு எகிறுவாரு, யாரு உங்ககிட்ட சொன்னதுன்னு கேப்பாரு. மழுப்பாதீங்க மேடம். அவங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லுங்க.